ஒரு டாக், இரண்டு மடிக்கணினி: சுவிட்சை எங்கே வைப்பது?

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஒரே மேசை. அதன்மேல் ஒரு டாக்கிங் ஸ்டேஷன், அதாவது மானிட்டர், கீபோர்டு, சார்ஜ் எல்லாவற்றையும் ஒரே கேபிளில் மடிக்கணினிக்குக் கொண்டுவரும் பெட்டி (சுருக்கமாக டாக்); இரண்டு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ். பகலில் உங்கள் மனைவி தன் மடிக்கணினியில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறார். மாலை ஆறு மணிக்கு மேல் நீங்கள் அலுவலக மடிக்கணினியோடு அதே நாற்காலியில் உட்காருகிறீர்கள். சனிக்கிழமை இருவருக்கும் வேலை வந்துவிட்டால் தகராறு. இதற்காகப் பொத்தானை அழுத்தினால் மாறுகிற யு.எஸ்.பி. சுவிட்ச் ஒன்றை வாங்கி, ஒரு சிறிய மாற்றியின் உதவியால் டாக்கின் கேபிளை அதில் செருகி, அங்கிருந்து இரண்டு மடிக்கணினிக்கும் இழுத்திருக்கிறீர்கள். கீபோர்டும் மவுஸும் ஒழுங்காக மாறுகின்றன. ஆனால் மானிட்டர் இரண்டும் இருண்டு கிடக்கின்றன, சார்ஜும் ஏறவில்லை. சுவிட்ச் பழுதா, வேறு எந்தச் சுவிட்ச் வாங்கலாம் என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஒரே மேசையை இரண்டு பேர் முறை வைத்துப் பயன்படுத்த எந்த ஏற்பாடு சரி என்பதே அதற்குள் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. முதல் கேள்விக்குப் பதில் சிறியது. இரண்டாவதுக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கும்பகோணத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி பழுது பார்க்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் அரிசி ஆலை, உரக்கடை, அடகுக்கடை என்று எங்கே போனாலும் ஒரு தகரப் பெட்டியைப் பார்க்கலாம். ஒரே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை இரண்டு கணினிகளுக்குப் பொதுவாக்கும் பெட்டி அது. முன்புறம் ஒரு திருகு. ஒரு பக்கம் திருப்பினால் கணக்கரின் கணினி, மறுபக்கம் திருப்பினால் முதலாளியின் கணினி. உள்ளே மூளை என்று எதுவும் கிடையாது. 25 கம்பிகளையும் மொத்தமாக ஒரு பக்கத்திலிருந்து பிரித்து மறுபக்கத்தில் சேர்க்கும், அவ்வளவுதான். பாசனப் பணியாளரான லஸ்கர் மதகுத் திருகைச் சுற்றினால் தண்ணீர் யாரையும் கேட்காமல் அடுத்த வாய்க்காலுக்குப் போகிறதே, அதுபோல. அந்தப் பெட்டியின் பழக்கத்தில்தான் நாம் இன்றைக்கும் நடுவில் ஒரு சுவிட்சை வைத்தால் காரியம் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் டாக்கின் கேபிளில் முதலில் பேச்சு, பிறகுதான் பாய்ச்சல்.

டாக்கின் கேபிள் நுனியில் இருப்பது யு.எஸ்.பி. சி என்ற சிறிய நீள்வட்ட முனை. அதற்குள் 24 பின்கள் இருக்கின்றன. அவற்றில் நான்கு வகையான காரியங்கள் நடக்கின்றன. கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ், லேன் (கம்பி வழி இணையம்) ஆகியவற்றின் தகவல் போகிறது. மானிட்டருக்கான படம் போகிறது. டாக்கிலிருந்து மடிக்கணினிக்கு மின்சாரம் வருகிறது. நான்காவதாக, இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கென்றே தனிக் கம்பி ஒன்று உண்டு. கேபிள் எந்தப் பக்கமாகச் செருகப்பட்டது, மின்சாரம் கொடுப்பது யார், வாங்குவது யார், எத்தனை வோல்ட், படத்துக்கு எத்தனை தடம் ஒதுக்குவது என்பதையெல்லாம் அந்தக் கம்பி வழியாகப் பேசி முடித்த பிறகே மற்றவை ஓடத் தொடங்கும். பேச்சு முடியும்வரை 5 வோல்ட்டைத் தாண்டி மின்சாரம் வராது. முடிந்த பிறகு வழக்கமாக 20 வோல்ட் வரை ஏறும். பழைய செவ்வக முனையில், அதாவது ஏ வகையில், இந்தப் பேச்சுக் கம்பியே கிடையாது. நீங்கள் வாங்கிய சுவிட்ச் ஏ வகை. அதன் வழியாகப் பார்க்கும் மடிக்கணினிக்கு, எதிரே இருப்பது டாக் என்பதே தெரியாது. ஒரு துளையைப் பலவாக்கும் ஏதோ ஒரு பழைய யு.எஸ்.பி. ஹப் என்று நினைத்துக்கொள்கிறது. அதனால் கீபோர்டு ஓடுகிறது. படமும் சார்ஜும் வரவில்லை. சுவிட்சில் பழுது இல்லை. அதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம்; கீழே அதற்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஆனால் சி முனையை ஏ முனையாக்க நீங்கள் போட்ட அந்தச் சிறு மாற்றியை எடுத்துவிடுங்கள். சி துளையும் ஏ முனையும் கொண்ட மாற்றியை யு.எஸ்.பி. விதிமுறை அனுமதிப்பதில்லை, கடையில் கிடைக்கிறது என்பதற்காக அது சரியான பொருள் ஆகிவிடாது.

உங்கள் அறிகுறிகளிலிருந்தே டாக் எந்த வகை என்றும் ஓரளவு சொல்லிவிடலாம். சந்தையில் மூன்று வகை இருக்கின்றன. முதல் வகை, மடிக்கணினியின் படச் சிப்பிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட் என்ற இணைப்பு முறையில் வரும் படத்தை அப்படியே சி கேபிளின் தடங்களில் வாங்கி, எச்.டி.எம்.ஐ.யாக மாற்றிக் கொடுப்பது. விற்பனையில் பெரும்பாலானவை இவைதான். இரண்டாவது, டிஸ்ப்ளேலிங்க் வகை. இது படத்தைச் சுருக்கி, சாதாரண யு.எஸ்.பி. தகவலாகவே அனுப்பி, டாக்குக்குள் விரித்துக் கொடுக்கும். மடிக்கணினியில் அதற்கான மென்பொருளை நிறுவியிருக்க வேண்டும். மூன்றாவது, தண்டர்போல்ட், அதே சி முனையில் ஓடும் அதிவேக இணைப்பு, வினாடிக்கு 40 ஜிகாபிட் அல்லது அதற்கு மேல், தனி வம்சம். உங்களுடையது டிஸ்ப்ளேலிங்க் ஆக இருந்து மென்பொருளும் நிறுவப்பட்டிருந்தால், இந்த ஏ வகைச் சுவிட்ச் வழியாகவே மானிட்டரில் படம் வந்திருக்கும், அது யு.எஸ்.பி. 3 சுவிட்ச் என்ற நிபந்தனையோடு. வரவில்லை என்பதால் முதல் வகை என்று ஊகிக்கிறேன். மென்பொருளை நிறுவாமல் விட்டிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும் என்பதால், டாக்கின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் டிஸ்ப்ளேலிங்க் என்ற பெயர் இருக்கிறதா என்று ஒரு முறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

இரண்டு பக்கமும் சி முனை கொண்ட சுவிட்சுகளும் கிடைக்கின்றன. இரண்டு மடிக்கணினி, ஒரு டாக், படமும் மின்சாரமும் சேர்த்தே மாறும் என்று அட்டையில் போட்டிருக்கும். அடுத்து நீங்கள் அதைத்தான் வாங்கப்போகிறீர்கள் என்று தெரியும். நல்ல சுவிட்சாக இருந்தால் அது பேச்சுக் கம்பியை முதலில் துண்டித்து, டாக் 20 வோல்ட்டை இறக்கும்வரை பொறுத்து, பிறகே அடுத்த மடிக்கணினியைச் சேர்க்கும். படத் தடங்கள் நான்கையும், அவற்றோடு ஓடும் துணைக் கம்பிகளையும் மாற்றும். இத்தனையும் சரியாகச் செய்கிற சுவிட்சும், பாதியை மட்டும் செய்துவிட்டு அதே படத்தை அட்டையில் அச்சடிக்கிற சுவிட்சும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கின்றன. என் மேசைக்கு வந்தவற்றில் சில ஒரு பக்கமாகச் செருகினால் மட்டும் படம் காட்டின; முனையைத் திருப்பிச் செருகினால் காட்டவில்லை. சில, மடிக்கணினி தூங்கி எழுந்தால் மானிட்டரை மறந்துவிட்டன. சில எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகின்றன. இன்ன டாக்கோடு இன்ன சுவிட்ச் சேரும் என்று பெட்டியைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. செருகிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் வாங்குவதாக இருந்தால் திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் இரண்டு மடிக்கணினியிலும், முனையை இரண்டு பக்கமும் திருப்பி, தூங்க வைத்து எழுப்பி, இருபது முறையாவது மாற்றிப் பாருங்கள்.

எந்த விலைக்கு வாங்கினாலும் மாறாத சில விஷயங்களும் உண்டு. பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த மடிக்கணினி மட்டும்தான் சார்ஜ் ஆகும். மற்றதற்கு அதன் சொந்த சார்ஜர் வேண்டும். சுவிட்ச் வந்தால் கேபிளின் நீளம் கூடுகிறது; 10 ஜிகாபிட் வேகத்துக்குச் சாதாரண சி கேபிள் ஒரு மீட்டர் அளவில் இருப்பதே நல்லது என்னும்போது, சுவிட்சுக்கு முன் ஒரு மீட்டர், பின் ஒரு மீட்டர் என்று இழுத்தால் படம் மினுக்கத் தொடங்கும். மின்சாரக் கணக்கும் இருக்கிறது. 3 ஆம்பியருக்கு மேல், அதாவது 20 வோல்ட்டில் 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமானால், தன் தகுதியைச் சொல்லும் சிப் ஒன்று கேபிளுக்குள் இருக்க வேண்டும். நடுவில் சேர்ந்த ஏதோ ஒரு கேபிளில் அது இல்லையென்றால், டாக் 100 வாட் தருவதாகச் சொன்னாலும் மடிக்கணினிக்கு 60தான் வரும். 'மெதுவாக சார்ஜ் ஆகிறது' என்ற அறிவிப்பு வரும். உங்கள் டாக் தண்டர்போல்ட் வகையாக இருந்தால் சாதாரண சி சுவிட்சை நடுவில் வைக்கவே வைக்காதீர்கள். அதில் 40 ஜிகாபிட்டுக்கான வழக்கமான கேபிளே 0.8 மீட்டர்தான், நடுவில் ஒரு வெட்டும் ஒட்டும் வந்தால் தாங்காது.

சுவிட்ச் இருக்க வேண்டிய இடம் மடிக்கணினிக்கும் டாக்குக்கும் நடுவில் இல்லை. டாக்குக்கும் கீபோர்டுக்கும் நடுவில் இருக்கிறது. வாய்க்காலின் தலைப்பில் இருந்த மதகைக் கடைமடையில் கொண்டுபோய் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்ட அந்த ஏ வகைச் சுவிட்சுக்கு இதுதான் சரியான வேலை. டாக் உங்கள் அலுவலக மடிக்கணினியோடு நேராகச் சேர்ந்திருக்கட்டும். சுவிட்சின் முதல் கேபிளை டாக்கில் இருக்கும் யு.எஸ்.பி. துளை ஒன்றில் செருகுங்கள். இரண்டாவது கேபிளை உங்கள் மனைவியின் மடிக்கணினியில் நேராகச் செருகுங்கள். கீபோர்டு, மவுஸ், கேமரா, ஹெட்செட் எல்லாம் சுவிட்சின் மறுபக்கத்தில். இனி படம். மானிட்டரின் பின்னால் குனிந்து பாருங்கள். பெரும்பாலும் இரண்டு துளைகளாவது இருக்கும், ஒன்று எச்.டி.எம்.ஐ., இன்னொன்று டிஸ்ப்ளேபோர்ட் அல்லது இரண்டாவது எச்.டி.எம்.ஐ. ஒரு துளையில் டாக்கிலிருந்து வரும் கேபிள் ஏற்கெனவே இருக்கிறது. மற்றதில் உங்கள் மனைவியின் மடிக்கணினியிலிருந்து ஒரு கேபிளை நேராக இழுத்துவிடுங்கள். மாற்றும்போது சுவிட்சில் ஒரு அழுத்து, மானிட்டரின் உள்ளீட்டுப் பொத்தானில் ஒரு அழுத்து. செலவு ஒரு கேபிள்.

இதில் உங்கள் சனிக்கிழமைத் தகராறும் தீர்கிறது என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன். டாக்கையே மாற்றுகிற சுவிட்சில் ஒருவருக்கு எல்லாம், மற்றவருக்கு ஒன்றுமில்லை. இந்த ஏற்பாட்டில் இடது மானிட்டரை அவருக்கும் வலது மானிட்டரை உங்களுக்கும் ஒதுக்கிவிடலாம். கூடுதலாக ஒரு சாதாரண கீபோர்டும் மவுஸும் இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். குறை இல்லாமல் இல்லை. மானிட்டர் வேறு மடிக்கணினியைக் காட்டிக்கொண்டிருந்தாலும், விலகிய மடிக்கணினி மானிட்டர் இன்னும் தன்னிடமே இருப்பதாக நினைக்கும். திறந்த ஜன்னல்கள் கண்ணுக்குத் தெரியாத அந்தத் திரையில் போய் உட்கார்ந்துவிடும். விண்டோஸில் விண்டோஸ் விசையோடு பி எழுத்தை அழுத்தி, மடிக்கணினித் திரை மட்டும் என்று தேர்ந்தெடுத்தால் அவை திரும்பி வந்துவிடும். மானிட்டரின் மெனுவில் உள்ளீட்டைத் தானாகத் தேடும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால், ஒரு மடிக்கணினி தூங்கியதும் மானிட்டர் தானே மற்றதற்குத் தாவும். உங்கள் மனைவி பாதி வாக்கியத்தில் இருக்கும்போது உங்கள் அலுவலக மின்னஞ்சல் திரையில் வந்து நிற்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, சொன்னால் சிரிப்பீர்கள். பகலில் அவர், மாலையில் நீங்கள் என்றால் ஒரு நாளைக்கு மாற்ற வேண்டியது இரண்டே முறை. அதற்குக் கையே போதும். டாக்கின் சி கேபிளைக் கழற்றி அடுத்த மடிக்கணினியில் செருகினால், எந்தச் சுவிட்சும் செய்யாத ஒழுங்கோடு பேச்சு, மின்சாரம், படம் எல்லாம் புதிதாகத் தொடங்கும். துளை தேய்ந்துவிடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சி வகை முனை 10,000 முறை செருகிக் கழற்றுவதற்கு என்று வடிவமைக்கப்பட்டது. ஒவ்வொரு மடிக்கணினியிலும் நாளைக்கு ஒரு முறை செருகினால் 27 ஆண்டுகள் வரும் கணக்கு. பழைய ஏ வகைக்கு அந்தக் கணக்கு 1,500தான். அந்தக் காலத்துப் பயத்தைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறோம். இது சோதனைச்சாலைக் கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் கடைக்கு வருகிற சி துளைகள் எண்ணிக்கையால் தேய்ந்தவை இல்லை. கேபிள் தொங்கி, பக்கவாட்டில் இழுபட்டு, யாரோ கால் தடுக்கி உடைந்தவை. மேசையின் விளிம்பில் ஒரு கிளிப்பை ஒட்டி, கேபிளின் முனை எப்போதும் கைக்கு எட்டுகிற இடத்தில் நிற்கும்படி செய்யுங்கள். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சிறு முனைகளை இதற்காக வாங்க வேண்டாம். அவையும் விதிமுறைக்கு வெளியே இருப்பவை. திறந்து கிடக்கும் தொடுமுனைகள் வழியாக 20 வோல்ட் ஓடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருவரே இரண்டு மடிக்கணினியையும் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தாவுகிறார் என்றால் கையால் மாற்றச் சொல்ல மாட்டேன். அவருக்கு மூன்று கருவிகளோடு புளூடூத்தில் சேர்ந்து, ஒரு விசையில் மாறுகிற கீபோர்டும் மவுஸும் சுலபமான வழி. மானிட்டரைப் புதிதாக வாங்கும் நிலையில் இருப்பவர், சி துளையும் உள்ளேயே கீபோர்டுச் சுவிட்சும் கொண்ட மானிட்டராகப் பார்த்து வாங்கினால் டாக்கே தேவைப்படாது. கீபோர்டு, மவுஸோடு இரண்டு மானிட்டரையும் சேர்த்து மாற்றும் கே.வி.எம். பெட்டி என்று ஒன்று இருக்கிறது. அதற்கு ஒவ்வொரு மடிக்கணினியிலிருந்தும் இரண்டு படக் கேபிள் வர வேண்டும், அதாவது இரண்டாவதாக ஒரு டாக் வாங்க வேண்டும். உங்கள் தேவைக்கு அது கோழிக்கூட்டுக்குக் கோட்டைச் சுவர்.

உங்கள் மனைவியின் மடிக்கணினி எது என்று எழுதவில்லை. அது ஆப்பிளாக இருந்தால் மேலே சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. ஒரே டிஸ்ப்ளேபோர்ட் ஓட்டத்தை இரண்டு மானிட்டராகப் பிரிக்கும் முறையை மேக் ஏற்பதில்லை. விண்டோஸில் இரண்டு தனித்தனித் திரைகள் காட்டுகிற அதே டாக், மேக்கில் இரண்டு மானிட்டரிலும் ஒரே படத்தைக் காட்டும். சாதாரண எம்1, எம்2 சிப் கொண்ட மேக்புக் மடிக்கணினிகள் சொந்தமாக ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஓட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் டிஸ்ப்ளேலிங்க் போன்ற வழிதான். விண்டோஸ் மடிக்கணினியிலும் எல்லாச் சி துளைகளும் ஒன்றல்ல. விலை குறைந்தவற்றில் தகவல் மட்டும் போகும், படம் போகாது. துளையின் பக்கத்தில் டி எழுத்தோடு பி கோத்த சின்னமோ மின்னல் சின்னமோ இருந்தால் படம் போகும் என்று நம்பலாம். சின்னம் இல்லாமலும் போகிற மடிக்கணினிகள் உண்டு. எதற்கும் சுவிட்ச் இல்லாமல் டாக்கை ஒவ்வொரு மடிக்கணினியிலும் நேராகச் செருகி, இரண்டு மானிட்டரும் சார்ஜும் வருகிறதா என்று பார்த்த பிறகே மற்றதை யோசியுங்கள். நேராகவே வராதது சுவிட்ச் வழியாக வராது.

டாக்கில் வெளி ஹார்டு டிஸ்க் எதையாவது மாட்டி வைத்திருக்கிறீர்களா? இருந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றுங்கள். சுவிட்ச் பொத்தானை அழுத்துவது, ஓடிக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்கைச் சொல்லாமல் பிடுங்குவதற்குச் சமம். எங்கள் ஊர்த் தணிக்கையாளர் ஒருவரின் அலுவலகத்தில் இரண்டு கணினிகளுக்கு நடுவே இப்படி ஒரு டிஸ்கைப் பொதுவாக வைத்திருந்தார்கள். கோப்பு நகலெடுத்துக்கொண்டிருக்கும்போது மற்றவர் பொத்தானை அழுத்திவிட்டார். பெரும்பகுதியை மீட்டுக் கொடுத்தேன். கடைசியாக எழுதப்பட்ட ஒரு கோப்பு மட்டும் வரவே இல்லை. விண்டோஸ் 10-இன் 2018 பதிப்பிலிருந்து, சட்டென்று பிடுங்கினாலும் தாங்கும்படியான அமைப்பே இயல்பாக இருக்கிறது. அது எழுதி முடித்ததைக் காப்பாற்றும், எழுதிக்கொண்டிருப்பதைக் காப்பாற்றாது.

இதே ஆபத்து நம் ஊரில் இன்னொரு உருவத்திலும் வரும்: மின்வெட்டு. மடிக்கணினிக்கு பேட்டரி இருக்கிறது, டாக்குக்குக் கிடையாது. கரண்ட் போன நொடியில் மடிக்கணினி எரிந்துகொண்டே இருக்கும். டாக், அதில் மாட்டிய டிஸ்க், லேன், மானிட்டர் எல்லாம் ஒன்றாகச் செத்துப்போகும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் மாறுகிற அந்த இமைப்பொழுதில் சில டாக்குகள் அணைந்து எழும். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் யு.பி.எஸ். நிலை, சாதாரண நிலை என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். யு.பி.எஸ். நிலையில் வைத்தால் மாறும் வேகம் கூடும். ஆனால் கோடையில் ஊர் முழுக்க மோட்டார் ஓடி வோல்டேஜ் இறங்கும் நேரங்களில், அந்த நிலையில் இன்வெர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குத் தாவிப் பேட்டரியைத் தின்னும். டாக்கும் மோடமும் ஒரு மானிட்டரும் மட்டும் ஒரு சிறிய தனி யு.பி.எஸ்.ஸில் இருப்பது மேல்.

எர்த் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. டெல்டாவின் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பி இருக்காது. அந்த நிலையில் டாக்கின் அடாப்டர், மானிட்டர், சார்ஜர் எல்லாவற்றிலிருந்தும் கசிகிற சிறு மின்சாரம் மடிக்கணினியின் உலோக உடலில் வந்து நிற்கும். கையை வைத்தால் சுரீர் என்று ஒரு கூச்சம், டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். உயிருக்கு ஆபத்தானது இல்லை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இரண்டு மடிக்கணினிகள் இரண்டு வெவ்வேறு பிளக்கிலிருந்து வந்து ஒரே மானிட்டரில் சேரும்போது, எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகும் கணத்தில் அந்த வேறுபாடு போர்ட் வழியாகத்தான் சமன் ஆக வேண்டும். என்னிடம் வந்த செத்த எச்.டி.எம்.ஐ. துளைகள் பலவற்றுக்கு இதுவே காரணம் என்று சந்தேகப்படுகிறேன். நிரூபிக்க என்னிடம் கருவி இல்லை. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து எடுங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த பழைய எர்த் குழியாக இருந்தால், வெயில் காலத்தில் அதில் தண்ணீர் ஊற்றுவதை நம் தாத்தாக்கள் மறந்ததில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கத் தொடங்கினால் டாக்கின் மின் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. மொட்டைமாடி வழியாகச் செம்புக் கம்பியில் லேன் வருகிறது என்றால் அதையும் கழற்றுங்கள்.

அலுவலக மடிக்கணினி என்பதால் ஒரு வார்த்தை. கீபோர்டையும் மவுஸையும் மாற்றும் சுவிட்ச் ஒரு கணினியின் கோப்பை இன்னொன்றுக்குக் கொண்டுபோகாது; அதில் பயமில்லை. ஒரே மவுஸை இரண்டு கணினித் திரைகளுக்கும் நகர்த்தி, நகலெடுத்ததை ஒட்டவும் விடுகிற மென்பொருள்கள் இருக்கின்றன. அவை அருமையானவை, ஆனால் அலுவலகக் கணினியில் கேட்காமல் நிறுவாதீர்கள். டாக்கின் லேன் துளைக்குத் தனி முகவரி உண்டு என்பதால், சில நிறுவனங்களின் பாதுகாப்பு ஏற்பாடு அறிமுகம் இல்லாத டாக்கையே தடுத்துவிடும். உங்கள் நிறுவனத்தில் எப்படி என்று அவர்களின் கணினிப் பிரிவுதான் சொல்ல முடியும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்று மாலை மாற்றியைக் கழற்றிவிட்டு, டாக்கை இரண்டு மடிக்கணினியிலும் நேராகச் செருகிப் பார்த்துவிட்டு, வார நாட்களுக்குக் கையால் மாற்றுவேன். சனிக்கிழமைக்குள் ஒரு கேபிளை வாங்கி, சுவிட்சைக் கீபோர்டுப் பக்கம் மாற்றி வைப்பேன். சி சுவிட்ச் வாங்கியே தீர வேண்டும் என்று தோன்றினால் அதற்கு முன் மூன்று தகவல் எழுதுங்கள்: டாக்கின் அடியில் இருக்கும் மாடல் எண், இரண்டு மடிக்கணினிகளின் மாடல், அவற்றோடு வந்த சார்ஜர்களில் போட்டிருக்கும் வாட் அளவு. மானிட்டர் 4கே என்றால் அதையும் சேர்த்து எழுதுங்கள். படத்துக்கு இரண்டு தடம் மட்டும் ஒதுக்குகிற டாக்காக இருந்தால், இரண்டு முழு எச்.டி. மானிட்டருக்குப் போதும்; 4கே ஒன்றுக்கே வினாடிக்கு 30 படத்தோடு நின்றுவிட வாய்ப்புண்டு. அப்போது நீங்கள் குறை சொல்லப்போவது சுவிட்சை.